ஸ்வீடன்: சொல்லில் ஊறிய மது

தடை, ரேஷன், அரசுக் கடை என்று இரண்டரை நூற்றாண்டுகளாக மதுவோடு மல்லுக்கட்டிய நாடு அது. அந்தச் சண்டையின் வடுக்கள் சட்டப் புத்தகத்தில் மட்டுமல்ல, அகராதியிலும் இருக்கின்றன.

சனிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணி. ஸ்வீடனின் எந்த ஊர்க் கடைவீதியிலும் ஒரு கடையை நோக்கிச் செல்பவர்களின் நடையில் மட்டும் அவசரம் தெரியும். மூன்று மணிக்குக் கதவை மூடினால் மறுபடி திறப்பது திங்கள்கிழமைதான். பையும் கையுமாக விரைபவரை நிறுத்திக் கேட்டால், "மதுக்கடைக்கு" என்று பதில் வராது. "சிஸ்டேமெட்டுக்குப் போகிறேன்" என்பார். பொருள்: 'அமைப்பு'. இன்னும் சிலர் "பூலாகெட்டுக்கு" என்பார்கள். பொருள்: 'கம்பெனி'.

கடையின் முழுப் பெயர் சிஸ்டேம்பூலாகெட். 3.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள எதையும் வீட்டுக்கு வாங்கிப் போக வேண்டுமானால், நாட்டில் ஏறக்குறைய இந்த அரசு நிறுவனம் மட்டுமே வழி. சுமார் 450 கடைகள். 20 வயது நிறைந்திருக்க வேண்டும். தள்ளுபடி கிடையாது, 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' கிடையாது. அரசே மது விற்பது தமிழ்நாட்டு வாசகர்களுக்குப் புதிதல்ல. 2003 முதல் அவர்களுக்கும் ஒரு டாஸ்மாக் இருக்கிறது. ஆனால் ஸ்வீடனில் கடையின் நோக்கமே விற்பனையைக் கட்டுக்குள் வைப்பதுதான் என்று அரசு சொல்லிக்கொள்கிறது. 1995ல் ஐரோப்பிய யூனியனில் சேர்ந்த பிறகு இந்த ஏகபோகத்துக்கு ஆபத்து வந்தது. 1997ல் ஐரோப்பிய நீதிமன்றம், பொதுச் சுகாதாரத்துக்காக அது தொடரலாம் என்று தீர்ப்பளித்தது.

கடையின் பெயரிலேயே மது இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஸ்வீடிஷ் மொழியில் குடி சார்ந்த சொற்களைத் தொட்டால் பெரும்பாலும் அதன் அடியில் ஒரு சட்டமோ, ஒரு வரியோ, ஒரு சங்கடமோ கையில் தட்டுப்படும். மொழிபெயர்க்க உட்காருபவருக்கு அகராதி போதாது. பக்கத்தில் ஒரு வரலாற்றுப் புத்தகமும் வேண்டும்.

இருவகைக் குடி

எளிய சொல்லிலிருந்து தொடங்கலாம். 'ட்ரிக்கா' என்றால் குடிப்பது. தண்ணீர், பால், காபி, பீர் எதுவானாலும் சரி. நம் 'குடி' போலவே இதற்கும் ஒரு மறைபொருள் உண்டு. "அவர் குடிப்பார்" என்று மொட்டையாகச் சொன்னால் யாரும் அது மோர் என்று நினைப்பதில்லை, ஸ்வீடனிலும் அப்படித்தான். ஆனால் சந்தேகத்துக்கே இடமில்லாத இன்னொரு வினைச்சொல்லும் அவர்களிடம் இருக்கிறது: 'சூபா'. கண்மண் தெரியாமல் மதுவை ஊற்றிக்கொள்வது என்று பொருள். விருந்தில் ஒருவர் 'ட்ரிக்கா' செய்தார் என்றால் செய்தி. 'சூபா' செய்தார் என்றால் புகார்.

வினோதம் என்னவென்றால், அதே வேரில் பிறந்த 'சூப்' என்ற பெயர்ச்சொல் சாதுவானது. சாப்பாட்டோடு அருந்தும் ஒரு சிறு கிளாஸ் சாராயம், அவ்வளவுதான்.

'ட்ரிக்கா'வின் இன்னொரு வாரிசு 'ட்ரிக்ஸ்'. ஓட்டல் சர்வருக்குக் கொடுக்கும் டிப்ஸின் பெயர் இது. 'குடிப்பதற்கான காசு' என்ற நீண்ட சொல்லின் சுருக்கம். நம் ஊரில் 'டீச் செலவுக்கு வைத்துக்கொள்' என்று கொடுப்பதை அவர்கள் ஒரே சொல்லில் கொடுத்துவிடுகிறார்கள்.

இலக்கணமும் குடியை அளக்கிறது. ஸ்வீடிஷ் பெயர்ச்சொற்களில் இரண்டு பால் உண்டு. ஆண், பெண் அல்ல. 'என்' போட்டுச் சொல்பவை ஒரு வகை, 'எட்' போட்டுச் சொல்பவை இன்னொரு வகை. பொதுவாக ஒரு சொல் ஒரு வகையில்தான் இருக்கும். பீருக்கு மட்டும் இரண்டிலும் இடம். பீரின் பெயர் 'ஏல்'. உதட்டைக் குவித்துக்கொண்டு சொல்ல வேண்டும். ஆங்கிலத்தின் 'ஏல்' இதன் உடன்பிறப்பு. 'எட் ஏல்' என்றால் பீர் என்ற பொருள் அல்லது அதில் ஒரு ரகம். 'என் ஏல்' என்றால் ஒரு பாட்டில் அல்லது ஒரு கிளாஸ். காபிக்கும் இதே சலுகை: 'என் காஃபே' என்றால் ஒரு கோப்பை. கிளாஸ், பாட்டில், கோப்பை என்ற சொற்களே தேவையில்லை. முன்னால் நிற்கும் ஓரசை அளவைச் சொல்லிவிடுகிறது.

எரிந்த ஒயின்

ஸ்வீடன் வரலாற்றில் அதிகம் சபிக்கப்பட்ட பானம் 'ப்ரென்வீன்'. தானியத்திலிருந்தோ உருளைக்கிழங்கிலிருந்தோ வடிக்கும் சாராயம். சொல்லுக்கு நேர்ப்பொருள் 'எரித்த ஒயின்'. வடகடல் ஓரத்து ஜெர்மன் பேச்சிலிருந்து வந்தது. இதே பொருளுடைய டச்சுச் சொல் ஆங்கிலத்தில் 'பிராண்டி' ஆகி, கப்பலேறித் தமிழில் 'பிராந்தி' ஆனது. ஆக, தமிழ்ப் பிராந்தியும் ஸ்வீடிஷ் ப்ரென்வீனும் பங்காளிகள்.

மூலிகை சேர்த்த ப்ரென்வீனுக்கு 'அக்வாவிட்' என்று பெயர். லத்தீனில் 'உயிர் நீர்'. ஒரு காலத்தில் இது மருந்து. விஸ்கியின் வேர்ப்பொருளும் உயிர் நீர்தான். குடிப்பதைத் 'தண்ணி போடுவது' என்று சொல்லும் தமிழன் இந்த விஷயத்தில் ஐரோப்பாவுக்குப் பின்தங்கியவன் அல்ல.

தானியம் தட்டுப்பாடான நாட்டில் தானியத்தைச் சாராயமாக்குவது பெரிய பிரச்சினையாக இருந்தது. ஏவா எகெப்ளாட் என்ற பிரபுகுலப் பெண்மணி 1746ல் உருளைக்கிழங்கிலிருந்து மாவும் சாராயமும் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். 1748ல் ஸ்வீடிஷ் அரச அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. கழகத்தில் நுழைந்த முதல் பெண் அவர். ரொட்டிக்குத் தானியத்தை மிச்சப்படுத்த வந்த கண்டுபிடிப்பு, பின்னாளில் நாட்டைச் சாராயத்தில் நனைக்க உதவியது.

1775ல் மூன்றாம் குஸ்டாவ் மன்னர் காய்ச்சும் உரிமை முழுவதையும் அரசுடைமை ஆக்கினார். மன்னரின் நோக்கம் மதுவிலக்கு அல்ல, கஜானா. குடியானவர்கள் கொதித்தார்கள், திருட்டுக் காய்ச்சல் பெருகியது, 1787ல் திட்டம் கைவிடப்பட்டது. வீட்டில் காய்ச்சுவதற்கு உண்மையில் முற்றுப்புள்ளி வைத்தது 1855ஆம் ஆண்டுச் சட்டம். அந்த நாளிலிருந்து மொழியில் ஒரு புது நிழல் விழுந்தது. அதுவரை வீட்டுக்கு வீடு சாதாரணமாக நடந்த காரியம் குற்றமானது. 'ஹேம்ப்ரென்ட்' அதாவது 'வீட்டில் எரித்தது' என்றால் இன்று கள்ளச்சாராயம். அதை விற்பவன் 'லாங்கரே'. கைமாற்றி விடுபவன் என்று பொருள். சட்டம் படிக்காமல் வாதாடிப் பிழைப்பவனைக்கூட 'ப்ரென்வீன் வக்கீல்' என்று ஏசும் வழக்கம் இருக்கிறது.

இந்தச் சொல்லின் அவப்பெயர் வியாபாரத்தையும் தொட்டது. 'ப்ரென்வீன் ராஜா' என்று அழைக்கப்பட்ட எல்.ஓ. ஸ்மித் 1879ல் சந்தைப்படுத்திய சரக்கின் பெயரில் ப்ரென்வீன் இருந்தது. ஸ்டாக்ஹோமில் விற்பனை ஏகபோகம் வேறு கையில் இருந்ததால், நகர எல்லைக்கு வெளியே ரெய்மெர்ஸ்ஹோல்மே தீவில் கடை போட்டு, வாடிக்கையாளர்களை இலவசப் படகில் ஏற்றிப் போனார். சரியாக நூறு ஆண்டு கழித்து, 1979ல் அரசின் மது நிறுவனம் அந்தப் பழைய பெயரைத் தூசு தட்டி அமெரிக்காவுக்கு அனுப்பியபோது 'ப்ரென்வீன்' உதிர்ந்து 'வோட்கா' ஒட்டிக்கொண்டது. அதுதான் உலகமறிந்த 'அப்சலூட்'. உள்நாட்டில் குடியைக் கட்டுப்படுத்திய அரசு வெளிநாட்டில் அதை விற்றுச் சம்பாதித்தது. 2008ல் பிரெஞ்சு நிறுவனமான பெர்னோ ரிக்கார் அதை வாங்கிக்கொண்டது.

பரங்கிப்பேட்டையைத் தொட்ட கப்பல்

ஸ்வீடன் மதுச் சொற்களில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 'புன்ஷ்' என்ற இனிப்பு மதுவை அந்நாட்டவர் தங்கள் தேசிய அடையாளங்களில் ஒன்றாக நினைக்கிறார்கள். வியாழக்கிழமை தோறும் மஞ்சள் பட்டாணி சூப்பும் தோசை போன்ற பான்கேக்கும் சாப்பிடுவது அங்கே பழைய வழக்கம். சூப்போடு புன்ஷைச் சூடாக்கி அருந்துவார்கள். ஆங்கிலத்தில் 'பஞ்ச்' ஆன அதே சொல்தான் இது. சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், மசாலா என ஐந்து பொருள் சேர்வதால் 'பஞ்ச' என்ற இந்தியச் சொல்லிலிருந்து வந்தது என்பதே அகராதிகள் பரவலாகத் தரும் விளக்கம்.

இந்தச் சரக்கின் அடிப்படை, ஜாவாத் தீவின் படேவியாவில் காய்ச்சிய 'அராக்'. அரபியில் 'வியர்வை' என்று பொருள்படும் சொல். ஆவி குளிர்ந்து சொட்டுச் சொட்டாக விழுவதைப் பார்த்து வைத்த பெயர். அதை ஸ்வீடனுக்குக் கொண்டுவந்தவை 1731ல் கோத்தன்பர்க் நகரில் தொடங்கிய ஸ்வீடிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள். அந்தக் கம்பெனியின் ஆரம்பகாலக் கப்பல்களில் ஒன்றான 'ராணி உல்ரிகா எலியோனோரா' 1733ல் சோழமண்டலக் கரையில் பரங்கிப்பேட்டைக்கு வந்தது. புதிய போட்டியாளரை ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சகிக்கவில்லை. அபூர்வமாகக் கைகோத்து, ஸ்வீடன்காரர்களின் பண்டகசாலையைத் தாக்கிச் சரக்குகளைப் பறித்தார்கள். அதன்பின் கம்பெனியின் கப்பல்களில் பெரும்பாலானவை இந்தியாவை ஒதுக்கிவிட்டுச் சீனாவின் கான்டன் துறைமுகத்துக்கே போயின. கப்பல் ஊர் திரும்பிவிட்டது. 'பஞ்ச' மட்டும் ஸ்வீடிஷ் அகராதியில் குடியேறி நின்றுவிட்டது.

ஃபுல், ஆஃப், குவார்ட்டர்

மேஜையில் கிளாஸை உயர்த்தும்போது ஸ்வீடன்காரர் சொல்வது 'ஸ்கோல்'. வைக்கிங் வீரர்கள் எதிரியின் மண்டையோட்டில் குடித்ததால் வந்த சொல் என்று சுற்றுலாப் பயணிகளிடம் கதை சொல்வார்கள். கதை நன்றாக இருக்கிறது; உண்மை சப்பென்று இருக்கிறது. ஸ்கோல் என்றால் கிண்ணம், அவ்வளவே. சொல்லும்போது எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும், குடித்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும் என்பது மரபு.

ஸ்னாப்ஸ் எனப்படும் சிறு கிளாஸ் சாராயத்தைப் பாட்டுப் பாடாமல் குடிப்பது மரியாதை அல்ல. ஒவ்வொரு சுற்றுக்கும் தனிப் பெயர். முதலாவது 'ஹேலன்': முழுசு. இரண்டாவது 'ஹால்வன்': பாதி. மூன்றாவது 'டெர்சென்', நான்காவது 'க்வார்டென்', ஐந்தாவது 'க்வின்டென்'. நம்மூர் மதுப்பிரியர்களின் ஃபுல், ஆஃப், குவார்ட்டர் கணக்கு போலத் தோன்றினாலும் இங்கே அது அளவு அல்ல, வரிசை. பாதிக்குப் போக வேண்டுமானால் முழுசை முதலில் முடித்தாக வேண்டும். இந்த ஜோடிச் சொற்கள் எவ்வளவு ஆழமாகப் பதிந்தன என்றால், ஹாலிவுட் காமெடியர்கள் லாரல்-ஹார்டிக்கு ஸ்வீடனில் வைத்த பெயர் 'ஹேலனும் ஹால்வனும்'. குண்டர் ஹேலன், ஒல்லி ஹால்வன்.

ரேஷன் புத்தகம்

பாட்டும் கூத்தும் ஒருபுறம். மறுபுறம், 19ஆம் நூற்றாண்டில் சாராயம் குடும்பங்களைச் சீரழித்தது. 1879ல் கோத்தன்பர்க்கில் நல்ல டெம்ப்ளார்கள் சங்கம் கால்பதித்தது. மதுவிலக்கு இயக்கம் தொழிலாளர்களிடையேயும் சுதந்திரத் திருச்சபைகளிலும் வேகமாகப் பரவியது. மொழிக்கு அது கொடுத்த சொல் 'நிக்டெரிஸ்ட்': மதுவைத் தொடாதவர். 'நிக்டெர்' என்றால் தெளிந்த நிலை. தெளிவு ஒரு கொள்கையாகி, கொள்கைக்காரர் ஒரு பெயர் பெற்றார்.

முழு மதுவிலக்கா, தாராளமா என்ற வழக்கில் குறுக்கே புகுந்தவர் ஐவன் பிராட் என்ற டாக்டர். தடை செய்தால் கள்ளச்சாராயம் வரும், விட்டால் வீடு அழியும். ஆளைப் பார்த்து அளந்து கொடு என்றார். 1914ல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய அவருடைய திட்டத்தை 1917ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டுக்கே விரித்தது. அப்படி வந்ததுதான் 'மூட்பூக்'. வங்கிப் பாஸ்புத்தகத்துக்கு வழங்கிய சொல் சாராயத்துக்குத் தாவியது. ஒருவர் தமக்குரிய கடையில் மட்டுமே வாங்கலாம். ஒவ்வொரு முறையும் புத்தகத்தில் பதிவு. யாருக்கு எவ்வளவு என்பதை வயது, வருமானம், நடத்தை, பால் ஆகியவை தீர்மானித்தன.

இந்தப் புத்தகம் ஒரு சமூகத்தையே எக்ஸ்ரே எடுத்தது போல் இருந்தது. வசதியானவருக்கு ஒதுக்கீடு தாராளம், கூலிக்காரருக்குச் சுருக்கம். தனித்து வாழும் பெண்ணுக்கு ஆணைவிட மிகக் குறைவு. திருமணமான பெண்ணுக்குப் பொதுவாகப் புத்தகமே கிடையாது. கணவரின் புத்தகமே குடும்பத்தின் புத்தகம். உணவு விடுதியில் சாப்பாடு ஆர்டர் செய்தால்தான் சாராயம் வரும். அங்கும் பெண்ணின் அளவு ஆணின் அளவில் பாதி.

1922 ஆகஸ்ட் 27ல் முழு மதுவிலக்கு பற்றி மக்களிடமே வாக்கெடுப்பு நடந்தது. ஓவியர் ஆல்பர்ட் எங்ஸ்ட்ரோம் வரைந்த போஸ்டர் புகழ்பெற்றது. ஆகஸ்ட் மாதத்து நண்டு விருந்துக்குச் சாராயம் இல்லாமல் முடியுமா என்பதே அதன் வாதம். ஆண், பெண் வாக்குகள் தனித்தனியே எண்ணப்பட்டன. பெண்களில் பெரும்பான்மையினர் தடை கேட்டார்கள். ஆண்களில் பெரும்பான்மையினர் மறுத்தார்கள். மொத்தத்தில் ஏறக்குறைய 51க்கு 49 என்ற கணக்கில் மதுவிலக்கு தோற்றது. குடியின் விலையை வீட்டில் யார் கொடுத்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான புள்ளிவிவரம் தேவையில்லை.

1955 அக்டோபர் 1ல் மூட்பூக் ஒழிந்தது. பல நகர்களின் மதுக் கம்பெனிகள் இணைந்து சிஸ்டேம்பூலாகெட் உருவானது. ரேஷன் போன உடனே குடியும் போதைக் கைதுகளும் பாய்ந்து ஏறின. அரசு ரேஷனுக்குப் பதில் வரியைக் கையில் எடுத்தது. மூட்பூக் மறைந்தாலும், ஒவ்வொரு துளியையும் யாரோ கவனிக்கிறார்கள் என்ற உணர்வு 'சிஸ்டேமெட்' என்ற சொல்லில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சட்டம் பெற்ற பிள்ளைகள்

பீரின் வகைப் பெயர்களைப் பெரும்பாலும் சுவை தீர்மானிக்கவில்லை. வரிச் சட்டம் தீர்மானித்தது. 2.25 சதவீதம் வரை 'லெட்-ஏல்', லேசான பீர். 3.5 வரை 'ஃபொல்க்-ஏல்', மக்கள் பீர்; 18 வயதானவர்கள் மளிகைக் கடையில் வாங்கலாம். அதற்கு மேல் 'ஸ்டார்க்-ஏல்', வலுவான பீர்; அதற்கு சிஸ்டேமெட் வாசலில் நிற்க வேண்டும்.

இவற்றுக்கு நடுவே ஒரு பிள்ளை பிறந்து இறந்தது. 1965ல் 4.5 சதவீதம் வரையிலான 'மெல்லன்-ஏல்', இடைப்பட்ட பீர், மளிகைக் கடைகளில் அனுமதிக்கப்பட்டது. மக்களைச் சாராயத்திலிருந்து பீருக்குத் திருப்பலாம் என்பது நம்பிக்கை. சாராயக்காரர்கள் திரும்பினார்களோ இல்லையோ, பள்ளி மாணவர்கள் பீருக்கு வந்தார்கள். 1977ல் நாடாளுமன்றம் அதை மளிகைக் கடையிலிருந்து விரட்டியது. அந்தத் தலைமுறைக்கு 'மெல்லன்-ஏல்' என்பது ஒரு பானத்தின் பெயரல்ல, ஒரு வயதின் பெயர்.

பார்களில் பீர் கேட்க இரண்டே சொல் போதும்: 'ஸ்டூர் ஸ்டார்க்'. பெரிசு, வலுவானது. பீர் என்ற சொல்லே அதில் வராது. சாராயத்தில் கலக்கும் சோடா, ஜூஸ் வகையறாக்களுக்கு 'க்ரொக்விர்கே' என்று பெயர். 'விர்கே' என்றால் மரவேலைக்கான பலகை. காட்டு மரத்தில் செழித்த நாடு போதைக்கும் தச்சுச் சொல்லையே பயன்படுத்துகிறது.

தடை செய்யப்பட்ட காபி

இன்று உலகில் தலைக்கு மிக அதிகமாகக் காபி குடிக்கும் நாடுகளில் ஸ்வீடன் ஒன்று. அங்கே காபி தடை செய்யப்பட்ட பானமாக இருந்தது என்றால் நம்புவது கடினம். 1756 தொடங்கி 1820களின் ஆரம்பம் வரை ஐந்து முறை காபிக்குத் தடை வந்தது, போனது. காசு வெளிநாட்டுக்குப் போகிறது என்பது அரசின் கவலை. காபி விஷமா என்று கண்டறிய மூன்றாம் குஸ்டாவ் மன்னர் இரண்டு மரண தண்டனைக் கைதிகளில் ஒருவருக்குத் தினமும் காபியும் மற்றவருக்குத் தேநீரும் கொடுக்கச் சொன்னார் என்று ஒரு பழங்கதை உண்டு. கைதிகளைக் கண்காணித்த டாக்டர்கள் முதலில் இறந்தார்களாம். மன்னர் 1792ல் கொலையுண்டார். கைதிகள் மட்டும் நீண்டகாலம் வாழ்ந்தார்களாம்.

காபியின் பெருமையைச் சொல்லும் சொல் 'ஃபீகா'. வேலைக்கு நடுவே காபியும் ஏதாவது தின்பண்டமுமாக உட்கார்ந்து பேசுவது. காபியின் பழைய பேச்சுவடிவமான 'காஃபி'யின் அசைகளை முன்பின்னாகப் புரட்டிப் பிறந்தது. தடைக்காலத்தில் ரகசியக் குறிச்சொல்லாக உருவானது என்று சிலர் சொல்வார்கள். தடைகள் ஒழிந்து பல பத்தாண்டுகள் கழித்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அது எழுத்தில் தலைகாட்டுகிறது. அந்தக் காலத்து வியாபாரிகளும் தெருவாசிகளும் சொற்களைப் புரட்டிப் பேசி விளையாடிய பழக்கத்தின் மிச்சம் அது.

கோப்பையை மறுபடி நிரப்புவதற்குப் 'போத்தோர்' என்று பெயர். மூன்றாவது கோப்பை 'த்ரேத்தோர்'. 'தோர்' என்றால் துளி. கண்ணீர்த் துளிக்கும் அதே சொல்தான். வடக்கத்திக் கிராமங்களில் காபியில் சாராயம் கலந்தால் 'காஸ்க்'. அதன் கைப்பக்குவத்தை ஊரே வேடிக்கையாகச் சொல்லும். கோப்பையின் அடியில் ஒரு நாணயம் போடு. நாணயம் மறையும்வரை காபி ஊற்று. மறுபடி தெரியும்வரை சாராயம் ஊற்று.

மதுவிலக்கு இயக்கம் வெறும் 'வேண்டாம்' என்பதோடு நிற்கவில்லை. மாற்றுப் பானங்களையும் வளர்த்தது. சோடா வகைகளின் பொதுப்பெயர் 'லெஸ்க்'. 'தாகம் தணித்தல்' என்ற வினையிலிருந்து வந்தது. 1910ல் ராபர்ட்ஸ் என்ற தந்தையும் மகனும் பீருக்கு மாற்றாக உருவாக்கிய கறுப்பு இனிப்புப் பானம் 'யூல்முஸ்ட்'. யூல் என்றால் கிறிஸ்துமஸ். டிசம்பரில் பன்னாட்டுக் கோலாக்களையே திணறவைக்கும் விற்பனை. ஈஸ்டர் வந்ததும் அதே பானம் 'போஸ்க்முஸ்ட்' என்று லேபிள் மாற்றிக்கொண்டு வருகிறது. உள்ளே சரக்கு மாறுவதில்லை. பண்டிகை மட்டும் மாறுகிறது.

குற்றவாளியா, நோயாளியா?

போதைக்கு ஸ்வீடிஷில் அடிப்படைச் சொல் 'ஃபுல்'. நிறைந்தது என்று பொருள். நம்மூர்ப் பேச்சில் 'ஆள் ஃபுல்லா இருக்கான்' என்றால் எதுவோ அதுவே. அதற்கு முந்தைய படிக்கு அழகான ஒரு சொல்: 'சலோங்ஸ்பெரூசாத்'. வரவேற்பறை போதை. நாலு பேர் நடுவில் முகம் சுளிக்க வைக்காத அளவு மிதப்பு. மறுநாள் காலைத் தலைவலிக்கு 'பாக்ஸ்மெல்லா': பின்னாலிருந்து விழும் அடி. அதை ஆற்ற மறுபடி ஒரு கிளாஸ் போட்டால் 'ஓத்தெர்ஸ்டெல்லாரே': பழையபடி ஆக்குவது. தெருவில் தள்ளாடுபவருக்கு 'ஃபில்லெகாயா' என்று பட்டம். காக்கை இனத்துச் சிறு பறவை ஒன்றின் பெயர் அதில் ஒளிந்திருக்கிறது.

சிரிப்பு இங்கே முடிந்து வேறொன்று தொடங்குகிறது. பொது இடத்தில் போதையில் இருப்பது நெடுங்காலம் 'ஃபில்லெரி' என்ற குற்றம். போலீஸ் பிடிக்கும், அபராதம் விழும், பதிவு நிற்கும். 1977ல் அது குற்றப் பட்டியலிலிருந்து நீங்கியது. புதிய சட்டத்தின் பெயரிலேயே 'கைது' இல்லை. 'ஓம்ஹெண்டெர்டாகாண்டே' என்ற நீளமான சொல் வந்தது. பொறுப்பில் எடுத்துக்கொள்ளுதல் என்று பொருள். சட்டத்தின் பெயர் 'லோப்' என்று மூன்றெழுத்தில் சுருங்கி, போலீஸ்காரர்களின் பேச்சில் வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. தெருவில் கிடக்கும் மனிதர் அதே மனிதர்தான். நேற்றுவரை சொல் அவரைக் கோர்ட்டுக்கு அனுப்பியது. பெயர் மாறியதும் அது அவரை ஒரு படுக்கைக்கோ டாக்டரிடமோ அனுப்ப வேண்டியதாயிற்று. போலீஸ் கொட்டடியில் படுக்க வைக்கப்படுபவர்கள் இன்றும் உண்டு என்றாலும், குற்றவாளி என்ற முத்திரை அவர்கள் மேல் இல்லை.

இரக்கம் எல்லாருக்கும் அல்ல. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது 'ராட்ஃபில்லெரி', ஸ்டியரிங் போதை. அது குற்றமாகவே நீடிக்கிறது. 1990லிருந்து ரத்தத்தில் ஆயிரத்துக்கு 0.2 பங்கு ஆல்கஹால் இருந்தாலே தண்டனை. தன்னை அழித்துக்கொள்பவருக்கு மென்மையான சொல், பிறரை அழிக்கக் கூடியவருக்குக் கடுமையான சொல் என்று மொழி கோடு கிழித்திருக்கிறது.

அண்மை ஆண்டுகளில் அரசு ஆவணங்கள் இன்னும் ஒரு படி நகர்ந்திருக்கின்றன. 'மிஸ்ப்ரூக்', அதாவது தவறான பயன்பாடு என்ற பழைய சொல்லில் பழி சுமத்தும் தொனி இருப்பதால், 'தீங்கான பயன்பாடு', 'சார்பு நிலை' என்ற சொற்கள் அதன் இடத்துக்கு வருகின்றன. குடிப்பவரோடு வாழ்ந்து அவருடைய போதையைச் சுற்றியே தன் வாழ்க்கையை அமைத்துக்கொள்ளும் மனைவிக்கும் பிள்ளைக்கும்கூட ஒரு சொல் புழங்குகிறது: 'மேட்பெரூயென்டே', உடன்சார்ந்தவர். 1922ல் வாக்குச்சீட்டால் பேசிய பெண்களுக்கு அப்போது அந்தச் சொல் இல்லை. தமிழில் டாக்டர்களும் மறுவாழ்வு மையங்களும் 'குடிகாரன்' என்பதை ஒதுக்கி 'குடிநோயாளி' என்று சொல்லத் தொடங்கியதன் பின்னே இருப்பதும் இதே யோசனைதான். சொல் மாறியதால் யாரும் குடியை நிறுத்திவிடுவதில்லை. ஆனால் எந்தக் கதவைத் தட்டலாம் என்பதை அந்தச் சொல்தான் காட்டுகிறது.

ஸ்வீடிஷ் அகாதமியின் பேரகராதி 19ஆம் நூற்றாண்டில் தொடங்கி 2023ல்தான் கடைசி எழுத்தை எட்டியது. 39 தொகுதிகள். அந்தக் கடைசி எழுத்தில் தொடங்கும் சொற்களில் ஒன்று 'ஏல்'. ஒரு நாட்டு அறிஞர்கள் பீருக்கு வந்து சேர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் புதிய சொற்கள் வரிசையில் வந்து நிற்கின்றன. ஒரு வாரம் மதுவைத் தொடாமல் இருந்தால் 'வீட் வெக்கா', வெள்ளை வாரம். வார நடுவில் கொஞ்சம் கொண்டாடலாம் என்று புதன்கிழமைக்கு 'லில்லெர்டாக்', குட்டிச் சனி. 2025 ஜூன் 1 முதல் சிறு உற்பத்தியாளர்கள் தங்கள் பண்ணையிலேயே பார்வையாளர்களுக்கு ஒயினும் சாராயமும் விற்கலாம். பணம் கட்டி உற்பத்தியைச் சுற்றிப் பார்க்க வேண்டும், அல்லது அதுபற்றிய விளக்க உரையைக் கேட்க வேண்டும், அதன்பின்தான் பாட்டில். அதுவும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் கிடையாது. இதற்கும் தனிப் பெயர் உண்டு: 'கோர்ட்ஸ்ஃபெர்செல்யிங்', பண்ணை விற்பனை.

அதாவது, சிஸ்டேமெட்டின் சுவரில் ஒரு சின்ன ஜன்னல் திறந்திருக்கிறது. ஆனால் ஸ்வீடனில் ஒரு பாட்டில் வாங்க இப்போது பாடமும் கேட்க வேண்டும்.